நம்ம பாணி

சதாசிவம் அரசாங்கத்தின் தலைமைக் கட்டடக்கலைஞர். நம் நாட்டு அரசுக் கட்டடங்களுக்கென்று ஒரு பாணி வேண்டும் என்று பாதி ஆயுளைத் தொலைத்தவர். கடைசியில் கண்டுபிடித்தும் விட்டார். புது மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஐந்து நிலைக் கோபுரத்தோடு வாசல் வைத்தார். பத்திரிகைகள் அட்டையில் படம் போட்டுக் கொண்டாடின. இனி எல்லா மாவட்டத்திலும் இதையே கட்டிவிடலாம் என்று மேலிடமும் சொல்லிவிட்டது. அவர் கையெழுத்துதான் பாக்கி.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அமலோற்பவம் மேடத்தைப் பார்க்கப் போனார். கல்லூரியில் அவருக்கு வரையக் கற்றுக்கொடுத்தவர். தன் தலை முழுக்க நரைத்த பிறகும் அவர் எதிரில் சதாசிவத்துக்கு உட்காரத் தோன்றாது.

“மேடம், இதுதான் நம்ம பாணின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

“படத்தைப் பார்த்துச் சொல்ற விஷயமா அது? கட்டடத்தைக் காட்டு.”

திங்கட்கிழமை காலை காரில் அழைத்துப் போனார். மக்கள் மனு கொடுக்கும் நாள். நல்ல கூட்டம். கோபுர வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

“கழட்டச் சொன்னது யாரு?” என்று கேட்டார் மேடம்.

“யாரும் சொல்லலை. ஜனங்களே கழட்டிடறாங்க. அவ்வளவு மரியாதை.”

சொல்லும்போது சதாசிவத்தின் முகத்தில் பெருமை வழிந்தது. பாவம், வழியட்டும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது மேடம்.

கேட்டுக்கு வெளியே சாலையோரம் ஒரு பெண் கையில் மனுவோடு நின்றிருந்தாள். வாசலைப் பார்ப்பதும், உள்ளே போகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். மேடம் நேராக அவளிடம் போனார்.

“பேரென்னம்மா?”

“பாவாயிங்க.”

“என்ன மனு?”

“வீட்டுமனைப் பட்டாங்க. குடிசையைப் பிரிக்கச் சொல்றாங்க. இன்னிக்கு மனுக் குடுக்கலீன்னா நாளைக்குப் பிரிச்சே போட்டுருவாங்க.”

சதாசிவம் குறுக்கிட்டார். “அப்புறம் ஏம்மா வெளியிலயே நிக்கிறீங்க? உள்ள வாங்க. இது நம்ம ஆபீஸ்தான்.”

“ஆபீசுன்னு தெரியுமுங்க. முன்னால இதே எடத்துல வெள்ளைக்காரன் கட்டின தாலுக்கா ஆபீசு இருந்துச்சே, அதுக்குள்ள செருப்போட நேராப் போயிருக்கேனுங்க. இங்க கால் வர மாட்டேங்குது.”

“ஏன்?”

அவள் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கூர்ல இதுக்கு அந்தப் பக்கம் எங்காளுங்களை விட மாட்டாங்க. எங்க தாத்தன் காலத்துல இருந்து தேரடியிலயே நின்னு கும்பிட்டுக்கிறதுதானுங்க.”

சதாசிவத்துக்குச் சுருக்கென்றது. அந்தப் பழைய கட்டடம் அந்நியமானது, இடித்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தவரே அவர்தான்.

“குடுங்கம்மா, நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்.”

பாவாயி மனுவை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“கோபுரம் வெச்சே. பூசாரிதான் பாக்கியா இருந்தது” என்றார் மேடம்.

சதாசிவம் காகிதத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“நிக்காதே. முதல்ல அவங்க வேலையை முடி.”

ஓடினார். மனுவைக் கொடுத்து, முத்திரை போட்ட ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். மேடம் சாலையோரத்தில் பாவாயியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். ரசீதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்ட பாவாயி, சதாசிவத்தை மறுபடியும் கும்பிட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“தப்புப் பண்ணிட்டேன் மேடம்.”

“ம்.”

“மத்த ஊர்களுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“போடாதே.”

“ஆனா அந்தப் பழைய கட்டடம்…”

“அது போயிடுச்சு.”

வயதான மனுஷி வெயிலில் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சதாசிவம் சங்கடப்பட்டார்.

“எழுந்திரிங்க மேடம். இவ்வளவு தூரம் வந்துட்டு, உள்ள வந்து பார்க்காமப் போகலாமா?”

மேடம் எழுந்திருக்கவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கோபுரத்தை உச்சிவரைக்கும் பார்த்தார்.

“இங்கருந்தே நல்லாத்தான் இருக்கு, சதாசிவம். இவங்க தாத்தாவும் இங்கருந்துதான் பார்த்திருப்பாரு.”