கத்தரிக்கோலும் மிட்டாய் ஜாடியும்

ஒரு கடைத்தெருவின் மருந்துக்கடையில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. அதற்குக் கொஞ்சம் தலைக்கனம். "கையிலிருக்கும் காசுக்குத் தக்கபடி மாத்திரை அட்டையை வெட்டித் தருகிறேன். நான் இல்லாவிட்டால் பாதிப் பேர் வெறுங்கையோடுதான் போவார்கள்" என்று பக்கத்து மிட்டாய் ஜாடியிடம் பீற்றிக்கொள்ளும்.

சில்லறை இல்லாதபோது கடைக்காரர் ஞானதுரை எடுத்து நீட்டும் மிட்டாய்கள் அந்த ஜாடியில் இருந்தன. "உன் தர்மம் தாங்க முடியவில்லையப்பா!" என்று அது சிரிக்கும்.

ஒருநாள் வடைக்கடை பேச்சியம்மாள் வலிப்பு மாத்திரை வாங்க வந்தாள். இன்சூரன்ஸ் கார்டு முக்கால் பங்கைக் கட்டிவிடும். மீதிக் கால் பங்கு அவள் பாடு. அன்று அதற்கும் வழியில்லை.

"பாதி அட்டை போதும்ணே. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கிடுறேன்."

கத்தரிக்கோல் வாயைத் திறந்தது.

"அடப்பாவி, நில்!" என்று அலறியது மாத்திரை அட்டை. "வலிப்பு என்ன, ஒருநாள் விட்டு ஒருநாளா லீவு போடும்? அவள் நிற்பது கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி முன்னால். நீ வெட்டப் போவது என்னையா, அவளையா?"

கத்தரிக்கோலுக்கு உறைத்தது. இத்தனை காலம் உதவி என்று நினைத்துச் செய்தது இதையா! வெட்கத்தில் அது இறுகிப்போனது. ஞானதுரை எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை.

"என்னண்ணே, நேரமாகுது" என்றார் அடுத்து நின்ற ஆட்டோக்காரர் மரியசூசை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ஞானதுரை அவருக்கு இருமல் மருந்தைக் கொடுத்தார். மீதிச் சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் எடுக்க ஜாடிக்குள் கைவிட்டார்.

"ஒருவனும் வராதீர்கள்!" என்று ஜாடி மிட்டாய்களை அதட்டியது. அவை அடியில் கெட்டியாக ஒட்டிக்கொண்டன.

மரியசூசை பேச்சியம்மாளைப் பார்த்தார். "மிட்டாய் கெடக்கட்டும்ணே. அந்தச் சில்லறைய இந்த அக்கா மருந்துல கழிச்சிருங்க."

"என்னுதையும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எனக்கும் மிட்டாய் வேணாம்" என்றது இன்னொன்று.

"கொறையிறத நான் பாத்துக்கிடுறேன்" என்று ஞானதுரை முழு அட்டையையும் நீட்டினார்.

பேச்சியம்மாள் கூசிப்போனாள். "எதுக்குங்க உங்களுக்கெல்லாம் செரமம்?"

"நாளைக்கு வடையக் கொஞ்சம் பெருசாப் போடுக்கா" என்றார் மரியசூசை. கண் கலங்கியிருந்தவள் சிரித்துவிட்டாள்.

மறுநாள் ஞானதுரை மிட்டாய்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் ஜாடியை முன்னால் வைத்தார். வருகிறவர்கள் கையிலிருந்த சில்லறையை அதில் போட்டார்கள். கால் பங்குக்குத் தவிப்பவர்களுக்கு அதிலிருந்து போனது. கத்தரிக்கோல் ஆணியில் சும்மா தொங்கியது.

"இப்படியே கிடந்தால் துருப்பிடித்துவிடுவாயே" என்றது ஜாடி.

"பிடிக்கட்டும்" என்றது கத்தரிக்கோல்.