கோதண்டபாணி ரயில் விட்ட கதை

பூரணியம்மாளிடம் கேள்வி கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் பிறவி, வினை, முக்தி என்று பெரிய இடமாகப் பார்த்துத்தான் கேட்பார்கள். கோதண்டபாணி பேட்டரி ரயிலைப் பற்றிக் கேட்டார்.

ஏலகிரி மலையடிவாரத்தில் அம்மா தங்கியிருந்த தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள் சிலர் கூடுவோம். கோதண்டபாணி எங்கள் எல்லாரையும்விட மூத்தவர். அம்மாவையும்விட மூத்தவர். ரயில்வேயில் தண்டவாளங்களைக் கவனிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றி வளைத்துப் பேச அவருக்கு வராது.

"அம்மா, என் பேரப்பிள்ளைங்க நியூசிலாந்துலேர்ந்து வந்திருக்காங்க. அவங்களுக்காக ஒரு பேட்டரி ரயில் வாங்கி வச்சிருக்கேன். நல்லா ஓடுது."

"சந்தோஷம் ஐயா."

"சந்தோஷம் இல்லம்மா. அவ்வளவு நல்லா ஓடுது, பசங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறாங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. எந்தக் கேள்வியையும் அவர் சின்னது பெரியது என்று பார்த்து வாங்கியதில்லை. அந்தக் குணத்துக்காகவே அவரைக் கும்பிடலாம்.

"பசங்க என்ன பண்றாங்க?"

"சோபாவுல உக்காந்து டேப்லெட் பார்க்கறாங்க. பெரியவன் அகரன், நான் ஏதாவது கேட்டா பதிலாவது சொல்றான். சின்னவ யாழி அதுவும் இல்ல. என் பக்கத்துலயே வரலம்மா." கோதண்டபாணி விரல்விட்டு நாள் எண்ணினார். "சனிக்கிழமை கிளம்பிடுவாங்க. அடுத்து எப்ப வருவாங்களோ, அப்ப நான் இருப்பேனோ என்னமோ. அதுங்க என்கிட்ட ஒட்டறதுக்கு நான் என்னம்மா செய்யணும்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அம்மா அவர் பக்கமாகத் திரும்பினார். ஏதோ உபதேசம் வரப்போகிறது என்று நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"அந்த ரயிலை நான் பார்க்கலாமா?" என்றார்.

"தாராளமா வாங்கம்மா. நானே விட்டுக் காட்டறேன்."

இரண்டு நாள் கழித்து ஜோலார்பேட்டைக்கு, அவர் வீட்டுக்குப் போனோம். கார் ஓட்டியது நான் என்பதால் நடந்ததை எல்லாம் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

ரயில் என்றதும் ஒரு சின்ன வட்டத்தை எதிர்பார்த்திருந்தேன். கோதண்டபாணி கூடம் முழுவதும் பாதை போட்டிருந்தார். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் கிளம்பி, ஃபிரிட்ஜைச் சுற்றி வளைந்து, செருப்புப் பெட்டியில் வெட்டிய குகைக்குள் நுழைந்து, சோபாவின் காலடியைத் தொட்டுக்கொண்டு மறுபடி மேஜைக்கே வந்தது. தரையில் மேடு பள்ளம் இருந்த இடங்களில் அட்டைத் துண்டு செருகிச் சமப்படுத்தியிருந்தார். ஒவ்வொரு இணைப்பையும் கரண்டிக் காம்பால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். சொல்லத்தான் வேண்டும், அதல்லவா வேலை.

அகரனும் யாழியும் சோபாவில் இருந்தார்கள். இருவருக்கும் நடுவில் டேப்லெட். எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு அதற்குள் போய்விட்டார்கள்.

கோதண்டபாணி கடைசிப் பெட்டியில் ஒரு குட்டி டம்ளரை வைத்துத் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றினார். ரிமோட்டை எடுத்தார்.

ரயில் கிளம்பியது. வளைவுகளில் தானாகவே யோசித்து நடப்பது போல வேகம் குறைந்தது. குகைக்குள் போய் வந்தது. மேஜையடியில் வந்து நின்றபோது டம்ளரில் இருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்து, ரயில் தன்னை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு ஊரில் ஜனங்கள் காலில் விழுகிற அம்மா.

"பிரமாதம் ஐயா! இப்படி ஒரு ரயில நான் பார்த்ததே இல்ல. நானும் கொஞ்சம் ஓட்டட்டுமா?"

கோதண்டபாணி தயங்கினார். அம்மா கேட்டால் வீட்டையே எழுதிக் கொடுத்துவிடுவார். ரிமோட்டைக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

"மெதுவாம்மா. ஃபிரிட்ஜ்கிட்ட வளைவு இருக்கு. அங்க குறைக்கணும்."

அம்மா குறைக்கவில்லை. வேகத்தைக் கூட்டிவிட்டார். ரயில் ஃபிரிட்ஜ் வளைவில் பாய்ந்து, புரண்டு, பெட்டிகள் ஆளுக்கொரு பக்கம் போய் விழுந்தன. தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

"அடடா!" என்றார் கோதண்டபாணி.

சோபாவிலிருந்து கலகலவென்று சிரிப்புச் சத்தம். யாழி. அவள் இறங்கி ஓடிவந்து எஞ்சினைத் தூக்கினாள். மல்லாந்த எஞ்சினில் சக்கரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. அதைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"உள்ள யாரோ கத்தறாங்க," என்றாள்.

"கண்ணு, அதைக் கீழே வை. சக்கரத்துல கை படக் கூடாது. இரு, தாத்தா சரி பண்றேன்."

அன்பாகத்தான் சொன்னார். யாழி எஞ்சினைப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டுச் சோபாவுக்குத் திரும்பிப் போனாள்.

கோதண்டபாணி ரிமோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு தண்ணீரைத் துடைத்தார். பெட்டிகளைக் கோத்தார். விலகிய இணைப்பைத் தட்டி உட்கார வைத்தார். கண்மூடித் திறப்பதற்குள் ரயில் மறுபடி ஓடியது. எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. அவர் பெருமையோடு சோபாவைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு தலைகளும் குனிந்திருந்தன.

"பார்த்தீங்களாம்மா? தினமும் இதே கதைதான்."

அம்மா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். புடவையெல்லாம் ஈரம்.

"நான் இந்த வழியா எத்தனையோ தடவை ரயில்ல போயிருக்கேன் ஐயா. ஏறிப் படுத்தா விடியற வரைக்கும் நல்ல தூக்கம். கீழே தண்டவாளத்தை ஒருத்தர் பார்த்துக்கறார்னு ஒரு நாளும் நினைச்சதில்ல. இன்னைக்குத்தான் நினைச்சேன்."

கோதண்டபாணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நினைக்கவே கூடாதும்மா. அதான் எங்க வேலை. ஜனங்க எங்களை நினைச்சாங்கன்னா எங்கேயோ தப்பு நடந்துபோச்சுன்னு அர்த்தம்."

"ஆமா," என்றார் அம்மா. சோபாவைப் பார்த்தார்.

கோதண்டபாணியும் சோபாவைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ரயில் அவர் முழங்காலை ஒட்டி ஒரு தரம் போயிற்று. அதை அவர் கவனிக்கவில்லை.

ரயிலை நிறுத்திவிட்டு, "யாழி," என்று கூப்பிட்டார். "நீ ஓட்டறியாம்மா?"

யாழி அண்ணனைப் பார்த்தாள். பிறகு நம்பிக்கை இல்லாமல் இறங்கி வந்தாள். கோதண்டபாணி அவளைத் தன் முன்னால் நிறுத்தி ரிமோட்டைக் கையில் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிடிவாதக்கார மனிதர், அவ்வளவு ஆசையாகப் போட்ட பாதை, கொடுத்துவிட்டாரே.

ரயில் கிளம்பியது. நேர்ப் பாதையில் வேகம் பிடித்தது. ஃபிரிட்ஜ் வளைவில் சமர்த்தாகக் குறைந்து, சாயாமல் திரும்பியது.

அப்போதுதான் பார்த்தேன். யாழியின் கைமேல் அவர் கை இருந்தது. அவள் கட்டைவிரலின்மேல் அவர் கட்டைவிரல். பொத்தானை அழுத்துவதும் எடுப்பதும் அவர்தான். குழந்தை நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வை ரயிலில் இல்லை. கையை மெல்ல உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

"பாருங்கம்மா!" என்றார் கோதண்டபாணி சந்தோஷம் தாங்காமல். "குழந்தையே ரயில் விடறா!"

"இல்லையே ஐயா."

"என்னம்மா இல்ல?"

அம்மா அவர் அருகில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து ரயில் விடறேன், ரயில் விடறேன்னுதான் சொல்றீங்க. இன்னும் நீங்க விடலையே."

கோதண்டபாணி குனிந்து தன் கையைப் பார்த்தார். அதற்கு அடியில் இருந்த சின்னக் கையைப் பார்த்தார். பிறகு தன் கையை எடுத்துக்கொண்டார்.

யாழி இரண்டு கட்டைவிரலாலும் பொத்தானை அழுத்தினாள். ரயில் வெறி பிடித்தது போலப் பாய்ந்தது. வளைவில் பாதையை விட்டு எகிறி, பெட்டிகளை உதறிவிட்டு, எஞ்சின் மட்டும் ஃபிரிட்ஜுக்கு அடியில் போய் மறைந்தது.

"தாத்தா!" என்று அலறிக்கொண்டு யாழி திரும்பி அவர்மேல் விழுந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு மூச்சு முட்டச் சிரித்தாள். அகரன் சோபாவிலிருந்து குதித்து, ஃபிரிட்ஜுக்கு முன்னால் குப்புறப் படுத்துவிட்டான்.

"தாத்தா, இங்க வாங்க, இன்னும் ஓடிட்டே இருக்கு!"

ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கோதண்டபாணி அதை நிறுத்தச் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், பேரன் பக்கத்தில் தானும் குப்புறப் படுத்தார்.