திருமேனியின் தாடி நீக்கப்பட்ட விவரம்

ஆவணி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, காலை மணி ஏழே முக்கால். முதல் நாள் பெய்த மழையில் நெடுவாய்க்கால்பட்டியின் தெருக்கள் கழுவிவிட்டாற்போல் கிடந்தன. மறுநாள் ஒன்பது மணிக்கு மேல் பத்தரைக்குள் முகூர்த்தம். மாப்பிள்ளை திருமேனி. முகூர்த்தத்திற்குள் அவனுடைய தாடி போயாக வேண்டும். போகாவிட்டால் பெண் இல்லை.

இந்த நிபந்தனையைப் பெண் பார்க்க வந்த அன்றே குமுதவல்லி விதித்துவிட்டாள். "யாரைக் கட்டிக்கப்போறேன்னு நான் பார்க்க வேண்டாமா? முகத்தைக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் கழுத்தை நீட்டுறேன்" என்றாள். பிறகு திருமேனியின் பக்கம் திரும்பி, "தாடியில கேசரி ஒட்டியிருக்கு" என்றும் சொன்னாள். பதினொரு ஆண்டுகளாக அந்தத் தாடியில் என்னென்னவோ ஒட்டியிருந்திருக்கின்றன. ஒருவரும் அவனிடம் சொன்னதில்லை. அந்த நிமிடம் முதல் அவளைத் தவிர வேறொருத்தியை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நெடுவாய்க்கால்பட்டி ஆண்கள் அனைவரும் தாடிக்காரர்களே. இதற்குப் பக்தி காரணமன்று, துயரமும் காரணமன்று. அவர்கள் டவுனுக்குப் போவது செவ்வாய்ச் சந்தைக்கு மட்டும். டவுன் சலூன்களுக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை. ஆகவே சலூன் என்று ஒன்று திறந்திருக்கும் என்பதை அவர்கள் வதந்தியாகவே கருதினார்கள். சரி, ரேசர் வாங்கித் தாங்களே வழித்துக்கொள்ளலாமே என்றால், எந்த ரேசர் வாங்குவது என்ற விவாதம் ஊர் இளைஞர் நற்பணி மன்றத்தில் பதினொரு ஆண்டுகளாக நிலுவையில் இருந்தது. முடிவாகும்வரை உறுப்பினர் எவரும் முகத்தில் இரும்பு படவிடக் கூடாது என்பது தீர்மானம். மன்றத்தின் தலைவர் மாசிலாமணி என்ற இளைஞர். வயது ஐம்பத்து நான்கு.

கல்யாணத்தை முன்னிட்டு மன்றம் அந்தச் செவ்வாய்க்கிழமை துணிந்து செயல்பட்டது. சந்தைக்கு எதிரேயுள்ள ராவுத்தர் கடையில் இரண்டு விதத்திலும் ஒவ்வொன்று வாங்கிவந்தது. ஒன்று, ஒற்றைப் பிளேடு போட்டுத் திருகும் பழைய மாதிரி சேஃப்டி ரேசர். மற்றொன்று, ஐந்து பிளேடுகளை ஒன்றாக அடுக்கிய கார்ட்ரிட்ஜ் மாட்டிய புது மாதிரி.

ராவுத்தர் பொறுமைசாலி. நான்கு முறை சொல்லி அனுப்பினார். "இந்த ஒத்தைப் பிளேடு இருக்கே, இதை அழுத்தாதீங்க. ரேசரோட கனமே வேலையைப் பார்த்துக்கும். முடி வளர்ற போக்கிலேயே இழுத்தா கீறாது. அந்த அஞ்சு பிளேடுல மேல ஒரு பச்சைக் கோடு இருக்கு பாருங்க. கோடு மறைஞ்சுபோச்சுன்னா அதோட வேலை முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுக்கங்க."

இவற்றில் ஒரு சொல்லைக்கூட அவர்கள் மறக்கவில்லை. மறந்திருந்தால் எல்லாருக்கும் நலமாயிருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை, மன்றத்துப் பெஞ்சில் திருமேனி உட்காரவைக்கப்பட்டான். ஒற்றைப் பிளேடு கட்சிக்குக் கோட்டைச்சாமி. ஐந்து பிளேடு கட்சிக்குப் பூவலிங்கம். இருவரும் அடுத்தடுத்த வயல்காரர்கள். எனவே எதிலும் ஒத்துப்போவதில்லை.

"ஒரு முடிக்கு அஞ்சு பிளேடா?" என்று கோட்டைச்சாமி தொடங்கினார். "ஒத்தை ஆட்டைப் பிடிக்க அஞ்சு பேர் பாய்ஞ்சா ஆடு என்ன செய்யும்? மிரண்டு உள்ள ஓடிரும். முடியும் அப்படித்தான்."

"உள்ள ஓடி எங்க போகும்?" என்று தலைவர் கேட்டார்.

"பல்லுக்கு இடையில வரும், தலைவரே. டவுன்காரங்க விடிஞ்சதும் பிரஷ்ஷும் கையுமா நிக்கிறது எதுக்குன்னு நினைச்சீங்க?"

மன்றம் இதைக் கவலையுடன் கேட்டுக்கொண்டது.

பூவலிங்கம் விடவில்லை. "ஒத்தைப் பிளேடுக்குப் பாதி முகத்துல உடம்புக்கு முடியாமப் போனா மாத்தாள் யாரு? இதுல ஒருத்தன் படுத்தா நாலு பேர் இருக்கான்."

"படுக்கிறவனுக்கும் சேர்த்துத்தானே காசு குடுக்கிறோம்?"

"அண்ணே, நாளைக்குக் காலையில கல்யாணம்" என்று திருமேனி நினைவூட்டினான்.

"உனக்குப் பேச அனுமதி இல்ல மாப்ளே. நீ சம்பந்தப்பட்ட ஆளு" என்றார் தலைவர்.

அவர் அளித்த தீர்ப்பு நியாயமானது. இடக்கன்னம் கோட்டைச்சாமிக்கு, வலக்கன்னம் பூவலிங்கத்துக்கு. எந்தப் பக்கம் நன்றாக வருகிறதோ அந்த ரேசரே ஊருக்கு. பின்னால் எல்லைத் தகராறு வரக்கூடாதென்று நெற்றியிலிருந்து மூக்கு வழியாகத் தாடி நுனிவரை நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடும் போட்டார்.

முதலில் ஒற்றைப் பிளேடு. திருமேனியைப் பெஞ்சில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடக்கன்னத்துத் தாடிமேல் ரேசரை மெல்ல வைத்துவிட்டுக் கோட்டைச்சாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கனம் வேலையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா? கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. ரேசர் சரிந்துவிடுமோ என்று திருமேனி எச்சில்கூட விழுங்கவில்லை.

"வேலை நடக்குதா?" என்று தலைவர் தணிந்த குரலில் கேட்டார்.

"இப்படி ஆளாளுக்கு உத்துப் பார்த்தா எவனுக்கு வேலை ஓடும்? எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். ஒன்பது மணிக்கு மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார்கள். ரேசர் வைத்த இடத்தில் இருந்தது, தாடியும் இருந்தது.

"கனம் பத்தல போலிருக்கு. ஊறுகாய் ஜாடியை மேல வைப்போமா?" என்று பூவலிங்கம் உதவ முன்வந்தார். திருமேனி எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

கோட்டைச்சாமி தளரவில்லை. முடி வளர்கிற போக்கில் இழுக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. முடி எந்தப் போக்கில் வளர்கிறது? அவர் குனிந்து, பக்கவாட்டில் நின்று, எட்டி நின்று பார்த்தார். கன்னத்தில் புறப்பட்டு வெளியே வருகிறது. திருமேனி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் வாசலை நோக்கி வளர்கிறது. இதில் ஐயத்திற்கு இடமில்லை. ஆகவே அவர் ரேசரைத் தாடிக்குள் நுழைத்துக் கன்னத்தில் தொட்டு, அங்கிருந்து வாசலை நோக்கி நேராக வெளியே இழுத்தார். தாடி ஒரு சாண் நீளமாதலால் ஒரு சாண் தூரம் இழுத்தார். இவ்வாறு நூற்று இருபது முறை. ஓரிடத்திலும் கீறவில்லை.

"கையாடா அது" என்று மன்றமே வியந்தது. பூவலிங்கத்தின் முகம் சுருங்கிப்போயிற்று.

அடுத்து அவர் முறை. அவர் திருமேனியின் அருகிலேயே வரவில்லை. கார்ட்ரிட்ஜை வெந்நீரில் போட்டு, தேங்காய் நாரால் அதன் பச்சைக் கோட்டைத் தேய்க்கத் தொடங்கினார். பதினொன்றரை மணிக்குப் பச்சை முழுதும் போயிற்று. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினார்.

"கோடு மறைஞ்சுபோச்சு. வேலை முடிஞ்சுது. ஆளையே தொடாம முடிச்சிருக்கேன்."

தலைவர் இரு கன்னங்களையும் மாறிமாறி நெடுநேரம் ஆராய்ந்தார். "ரெண்டு பக்கமும் ஒரு சொட்டு ரத்தம் இல்ல. ஒண்ணுக்கொண்ணு சளைக்கல. எதைத் தள்ள முடியும்? விவாதம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுது."

"தாடி அப்படியே இருக்கே, தலைவரே" என்றான் திருமேனி.

"இருக்கு, இல்லேங்கல. ஆனா நேத்து இருந்தது வழிக்காத தாடி. இது வழிச்ச தாடி. பொண்ணு வீட்ல கேட்டா அந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லு."

மறுநாள் காலை மண்டபம் போய்ச் சேரும்வரை வேனில் திருமேனி அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனான். ஏழு மணிக்குக் குமுதவல்லி மாப்பிள்ளை அறை வாசலில் வந்து நின்றாள். பாதி அலங்காரத்தில், ஒரு காதில் மட்டும் ஜிமிக்கியோடு வந்திருந்தாள். சுண்ணாம்புக் கோடு நடுவே ஓடிய அந்தத் தாடியை அவள் பார்த்த பார்வையில் அவனுக்கு வாக்கியம் மறந்துபோயிற்று.

"இது வழிச்ச தாடி" என்பது மட்டும் வந்தது.

"யாரு வழிச்சா?"

"ரெண்டு பேரு. ஆளுக்கு ஒரு பக்கம்."

அவள் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை, அதுதான் அவனுக்கு அச்சமாயிருந்தது. கூட வந்த மன்றத்தாரைப் பார்த்து, "நீங்கள்லாம் பந்திக்குப் போங்க, இட்லி ஆறிரும்" என்றாள். அவர்கள் போனதும், "ரேசர் எங்க?" என்றாள். வெற்றிலைத் தட்டில் வைத்துச் சீராகக் கொண்டுவந்திருந்த இரண்டு ரேசர்களையும் அவன் எடுத்து நீட்டினான்.

"எது நல்லதுன்னு எங்களுக்கு இன்னும் முடிவாகல."

"முகத்துல பட்டா ரெண்டும் நல்லதுதான். தலையை நிமிர்த்துங்க."

கத்தரியால் தாடியை ஒட்ட வெட்டினாள். வெந்நீர்த் துணியைப் போர்த்தி எடுத்து, சோப்பு நுரை பூசினாள். கன்னங்களுக்குப் பழைய ரேசர், தாடைக்கும் தொண்டைக்கும் புது ரேசர். பக்கவாதத்தில் படுத்த தகப்பனாருக்கு ஆறு ஆண்டுகளாக அவள்தான் சவரம் செய்கிறாள் என்பதை அப்போதுதான் அவனிடம் சொன்னாள். "பேச்சுக் குடுத்தா அப்பா வாயை ஆட்டுவாரு. நீங்க ஆட்டாதீங்க." பன்னிரண்டு நிமிடத்தில் துடைத்துவிட்டு, ஓரடி பின்வாங்கி அவனைப் பார்த்தாள். இன்னும் சற்று நேரம் பார்த்தாள்.

"பரவாயில்ல. கட்டிக்கலாம்" என்றாள்.

அவள் போனபின் திருமேனி கண்ணாடியைப் பார்த்தான். அதில் தெரிந்த இளைஞருக்கு நெடிய முகமும் சாதுவான உதடுகளும் இருந்தன. யாரோ பெண் வீட்டு உறவுக்காரர் என்று எண்ணி வணக்கம் வைத்தான். அவரும் உடனே வைத்தார். மரியாதை தெரிந்த குடும்பம் என்று அவனுக்கு நிறைவாயிருந்தது.

பந்தி முடிந்து மன்றத்தார் மண்டபத்துக்குள் வந்தபோது, மணவறையில் மாலையும் பட்டு வேட்டியுமாக யாரோ ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"யாருய்யா இவன்?" என்றார் கோட்டைச்சாமி.

"தாடி இல்ல. நம்ம ஊரு ஆளு இல்ல" என்றார் பூவலிங்கம். அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அதுவே முதல் முறை.

"அப்போ திருமேனி எங்க?" என்று தலைவர் கேட்டார். கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பதே கால். மாப்பிள்ளையைக் காணோம், அவன் இடத்தில் வேறொருவன்.

அவர்கள் கூச்சலிடவில்லை. பிறத்தியார் கல்யாணத்தில் தகராறு செய்யும் வழக்கம் நெடுவாய்க்கால்பட்டியாருக்கு இல்லை. தலைவர் மணவறை அருகே போய்க் குனிந்து, "தம்பி, இங்க திருமேனின்னு தாடி வச்ச பையன் உக்காந்திருந்தானா?" என்று கேட்டார்.

திருமேனி நான்கு பக்கமும் பார்த்தான். உண்மையில் அப்படி ஒருவன் கண்ணில் படவில்லை. "காணலையே, தலைவரே" என்றான். மன்றத்து உறுப்பினர் ஒருவர் காணாமற்போயிருக்கையில் தான் உட்கார்ந்திருப்பது அழகல்ல என்று தோன்றவே, தேடுவதற்காக எழுந்தான். குமுதவல்லி அவன் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மாப்பிள்ளையைக் காணோமாம்."

"கிடைச்சிட்டாரு. உக்காருங்க."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உட்கார்ந்தான். ஒன்பது நாற்பதுக்குத் தாலி கட்டினான். மன்றத்தார் அந்நேரம் கிணற்றடியிலும் பேருந்து நிறுத்தத்திலும் தேடிக்கொண்டிருந்தார்கள். பகல் பந்தியில் சாப்பிட்டார்கள்; ஆனால் மொய் எழுதவில்லை. திருமேனிக்கென்று மன்றம் வசூலித்த ஐந்நூற்றொரு ரூபாயை முன்பின் தெரியாதவனுக்கு எப்படி எழுதுவது?

ஐப்பசி முடியும்வரை திருமேனி மழித்த முகத்துடன் ஊரில் நடமாடினான். அவனை எல்லாரும் 'அசலூர்த் தம்பி' என்றழைத்து அன்பாகவே நடத்தினார்கள். தன்னைக் கூட்டத்துக்கு ஏன் அழைப்பதில்லை என்பதுதான் அவனுக்கு உறுத்தலாயிருந்தது. கார்த்திகை முதல் நாள் சபரிமலைக்கு மாலை போட்டான். இருபத்தெட்டாம் நாள் தெருவில் எதிர்ப்பட்ட தலைவர், அவன் முகத்தில் வளர்ந்திருந்ததைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"சாமி, இத்தனை நாளா எங்க போயிட்டீங்க?"

அங்கேயே ஐந்நூற்றொரு ரூபாயும் அவன் கையில் வைக்கப்பட்டது. பிறகு, மன்றத்தார் அவனை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஆவணி மாதம் அவன் இல்லாத நேரத்தில் வேறொருவன் வந்து குமுதவல்லிக்குத் தாலி கட்டிவிட்ட செய்தியைப் பக்குவமாகச் சொன்னார்கள். திருமேனி விரதத்தில் இருந்ததால் யாரையும் வைய முடியவில்லை. பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தான்.

"கட்டுனவருக்குத்தான் மொய் சேரணும். அவரைப் பார்த்தா குடுத்துருங்க" என்றான்.

மலைக்குப் போய்வந்து, மார்கழி பதினான்காம் நாள் காலை பத்து மணிக்குக் குமுதவல்லி அவனுக்குச் சவரம் செய்துவிட்டாள். பத்தரைக்குக் கடைத்தெருவில் தலைவரும் கோட்டைச்சாமியும் பூவலிங்கமும் அவனை வழிமறித்து, ஐந்நூற்றொரு ரூபாயையும் எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவனும் பெற்றுக்கொண்டு, திருமேனியைப் பார்க்க நேர்ந்தால் தன்னை மன்னித்துக்கொள்ளச் சொல்லும்படி கேட்டுக்கொண்டான்.