இரண்டாம் வயலினுக்கான தாள்

எப்சிபா டீச்சரிடம் இசைத்தாள் கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு கேள்வி விழும். என்ன கருவி என்று டீச்சர் கேட்பதில்லை. யார் வாசிக்கப் போகிறார்கள் என்றுதான் கேட்பார்.

பாளையங்கோட்டையில் அவர் வீட்டு முன்னறையில் மூன்று இரும்பு பீரோக்கள் உண்டு. ஒரே மெட்டு தனி வயலினுக்கு, புல்லாங்குழலும் பியானோவும் சேர்ந்ததற்கு, நான்கு பித்தளைக் குழல்களுக்கு, ஒற்றை செல்லோவுக்கு என்று பல விதமாக எழுதப்பட்டு உள்ளே அடுக்கியிருக்கும். ஒவ்வொரு உறையின் மேலும் டீச்சரின் பென்சில் குறிப்பு இருக்கும். "மூச்சு வாங்குகிறவர்களுக்கு ஆகாது." "முந்திக்கொண்டு ஓடுகிறவர் இருந்தால் வேண்டாம்." "பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேருக்கு நல்லது." தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பாடகர்குழுக்காரர்கள் வருவார்கள். கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றை வாங்கிக்கொண்டு முணுமுணுத்தபடி போவார்கள். அடுத்த வருடமும் வருவார்கள்.

சர்ச்சில் நன்றி சொல்லிக் கொண்டாடும் ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது துரைசிங் வந்தார்.

அவர் டீச்சரின் மாணவர். டீச்சரைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர். தாலுகா ஆபீசில் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே வயலின் கற்றுக்கொள்ள வந்தார். மனைவி ஞானதீபத்தோடு சேர்ந்து ஒரு தரமாவது கோயிலில் வாசித்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஞானதீபம் ஏழு வயதிலிருந்து வாசிக்கிறவர். துரைசிங் ஆறு வருடம் கீச்சுக்கீச்சென்று இழுத்து, இந்தப் பண்டிகைக்கு இரண்டாம் வயலினாக உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தார்.

நாலு மணி வெயிலில் நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டீச்சர் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"வேற செட் வேணும் டீச்சர். அதே மெட்டுதான். வேற மாதிரி எழுதினது."

"யாரு வாசிக்கா?"

"நானும் அவளும்."

"ரெண்டு வயலின் செட்டுதான் எடுத்திருக்கோமே. அதுக்கு என்ன?"

"அது வேண்டாம்."

டீச்சர் காரணம் கேட்கவில்லை. காரணத்தில் பாதி அவருக்குத் தெரியும். நாலு மாதத்துக்கு முன்பு மருத்துவர் ஞானதீபத்துக்கு வந்திருப்பது மறதி நோய் என்று சொல்லிவிட்டார். மெதுவாக வரும், திரும்பிப் போகாது என்றார். கோயிலில் வேறு யாருக்கும் இன்னும் தெரியாது.

டீச்சர் முதல் பீரோவைத் திறந்து ஓர் உறையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது தனி வயலினுக்கு. அக்கா மட்டும் வாசிக்கட்டும்."

"தனியாவா? அத்தனை பேரு முன்னால நடுவுல நின்னுட்டா யாரு தூக்கிவிடுவா? வேண்டாம்."

இன்னோர் உறை வந்தது.

"வயலினும் ஆர்கனும்."

"ஆர்கன்காரர் எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி போவாரு. ஏறலேன்னா விட்டுட்டுப் போயிருவாரு."

"நாலு பேரு வாசிக்கது."

"அவ நின்னுட்டா மத்த மூணு பேரும் போய்க்கிட்டே இருப்போம். அவ மட்டும் மேடையில வில்லைப் புடிச்சுக்கிட்டு..."

பண்டிகை நாள் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. வெள்ளையடித்த கோயில், நிரம்பிய பெஞ்சுகள், எல்லார் தலையும் ஒரே நேரத்தில் முன்னால் திரும்புவது, பின்வரிசையில் யாரோ யார் காதிலோ குனிவது. பத்து நாளாக இதே காட்சிதான். சோற்றில் கை வைத்தாலும் அது வந்து நின்றது.

"அந்த மாதிரி ஒண்ணு உண்டுல்லா டீச்சர்? ஆள் குறைஞ்சா வாசிக்கது?"

டீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு மூன்றாவது பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு தடித்த உறையை எடுத்தார்.

அதில் இரண்டாம் வயலினின் தாளிலேயே முதல் வயலினின் சுரங்களும் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. முதல் வயலின்காரர் வராமல் போனால் இரண்டாம் ஆள் அந்தப் பொடி எழுத்தைப் பார்த்து வாசித்துச் சமாளிக்கலாம். துரைசிங் அதைப் புரட்டப் புரட்ட அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"இதுதான். இதுதான் டீச்சர் எனக்கு வேண்டியது. அவ நின்னாலும் ஒருத்தருக்கும் தெரியாது. நான் புடிச்சுக்குவேன்."

"இது யாருக்கு, அண்ணாச்சி?"

"ஞானதீபத்துக்குத்தான்."

"இது அவங்க இல்லாதப்ப வாசிக்கது."

துரைசிங் உறையை மூடினார். ஆனால் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை ஆரம்பிச்சுட்டு."

அவர் சொன்னது இதுதான். சனிக்கிழமை கோயிலில் இருவரும் முதல் தரமாக ஒத்திகை பார்த்தார்கள். தாளில் நெடுக்குக் கோடு போட்டுப் பிரித்த கட்டத்தை 'பார்' என்பார்கள். பாட்டின் தொடக்கத்தில் எட்டு பார் ஞானதீபம் தனியாக வாசிக்க வேண்டும். துரைசிங் சும்மா இருந்து, ஒன்பதாவது பாரில் சேர வேண்டும். நாலாவது பார் முடிந்ததும் ஞானதீபத்தின் வில் நின்றுவிட்டது.

"நின்னுட்டுது டீச்சர். வில்லு கம்பி மேலயே இருக்கு, சத்தம் இல்ல. நல்லவேளை, நான் முன்னாடியே ஏற்பாடு பண்ணி வச்சிருந்தேன்."

"என்ன ஏற்பாடு?"

வீட்டில் வாசித்துப் பழக வைத்துக்கொண்டிருந்த தன்னுடைய தாளை அவர் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அவர் சும்மா இருக்க வேண்டிய எட்டு பாருக்கு மேலே, ஞானதீபத்தின் தாளை ஜெராக்ஸ் எடுத்து நறுக்கி ஒட்டியிருந்தார். அளவையர் கை. கோடு பிசகாமல் ஒட்டியிருந்தது.

"அவ நின்னதும் நான் அஞ்சாவது பாரைப் புடிச்சு வாசிச்சுட்டேன். அவ வில்லை எடுத்துட்டா. என்னைப் பாத்தா. வேத்தாளைப் பாக்க மாதிரிப் பாத்தா, டீச்சர். 'எந்த இடம்?'னு கேட்டா."

"அப்புறம்?"

"ஆட்டோவுல பேசல. வீட்டுக்கு வந்ததும், 'நான் நின்னுட்டேனாங்க?'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன். பொய் சொல்ல முடியுமா?"

டீச்சர் ஒட்டிய துண்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"வயலினைப் பெட்டியில வச்சு மூடிட்டா. பண்டிகைக்கு வாசிக்க மாட்டேன்னுட்டா. மூணு நாளாத் தொடல. எதைச் செய்யவும் என்னைக் கேக்கா. உப்புப் போட்டேனான்னு கேக்கா. கதவைப் பூட்டினேனான்னு கேக்கா. சனிக்கிழமை வரைக்கும் இப்படிக் கேக்கல டீச்சர். ஒரே நாள்ல அவ்வளவு தூரம் போயிட்டா." அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "இந்த செட்டைக் காட்டி, பயப்படாத, நான் இருக்கேன்னு சொன்னா வருவா."

டீச்சர் எழுந்துபோய் இரண்டாவது பீரோவைத் திறந்தார். ஞானதீபத்தின் தாள் அங்கேதான் இருந்தது. ஒத்திகை முடிந்ததும் கோயில் தாள்களெல்லாம் டீச்சர் வீட்டுக்கு வந்துவிடுவது வழக்கம். பழுப்பேறி, ஓரத்தில் துணி நாடா ஒட்டிய தாள். அதை மேசைத் தாங்கியில் விரித்து வைத்தார். தன் வயலின் ஒன்றை எடுத்துத் துரைசிங்கிடம் கொடுத்தார். இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டார்.

"முதல் எட்டு பாரு. நீங்க வாசிங்க."

"இது அவ பார்ட்டு."

"நீங்கதான் புடிச்சுக்குவேன்னு சொன்னீங்க."

துரைசிங் வாசித்தார். ஞானதீபத்தின் இனிமை இல்லை, ஆனால் சுரம் தப்பவில்லை. நாலாவது பாரின் கடைசிச் சுரத்தின் மேல் பென்சிலால் ஓர் அரைவட்டமும் அதனடியில் ஒரு புள்ளியும் போட்டிருந்தது. நின்று போ என்பதற்கு உள்ள அடையாளம். மிக லேசாகப் போட்டிருந்தது. பக்கத்தில் ஞானதீபத்தின் கையெழுத்தில் 'அப்பா' என்று இருந்தது.

அவர் அடையாளத்தைப் பார்த்து வில்லை நிறுத்தினார்.

நிறுத்தின கணமே டீச்சர் அஞ்சாவது பாரைப் பிடித்து, உரக்க, அவர் காதருகிலேயே வாசித்தார்.

துரைசிங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. வில் கம்பியில் தாறுமாறாக இழுபட்டது. தாளைப் பார்த்தார். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. டீச்சரைப் பார்த்தார்.

"எந்த இடம்?" என்றார்.

டீச்சர் வயலினைக் கீழே இறக்கினார்.

"நின்னுட்டீங்களா, அண்ணாச்சி?"

"நான் எங்க நின்னேன்? தாள்ல நிக்கச் சொல்லிப் போட்டிருக்கு. நீங்கதான் குறுக்க..."

அவர் வாய் அப்படியே நின்றது.

வெளியே தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

துரைசிங் ஜெராக்ஸ் துண்டு ஒட்டிய தன் தாளை எடுத்து, பழைய தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சுரமெல்லாம் இருந்தது. லேசான பென்சில் மட்டும் ஜெராக்ஸில் விழவில்லை.

"அவ அப்பாவுக்கு இழுப்பு உண்டு" என்றார் மெதுவாக. "அவரு பாட்டு நடத்துற காலத்துல அந்த இடத்துல மூச்சு வாங்குவாரு. கோயிலே அவருக்காக நிக்கும். அவரு போனப்புறமும் எல்லாரும் நிப்பாங்க."

"இப்பவும்தான் நிக்கோம்."

"நாப்பது வருசமா நானும் அங்க நின்னிருக்கேன், டீச்சர்."

"ஆமா."

"அவ மறக்கல."

டீச்சர் தலையசைத்தார்.

"அவ மறக்கல" என்றார் மறுபடியும். அதில் நிம்மதி இல்லை. மூன்று நாளாக உப்பையும் பூட்டையும் கேட்டுக் கேட்டு நிற்கும் முகம் அவருக்கு முன்னால் வந்தது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஆமாம் என்று சொல்லியிருந்தார். நோய் அதுவரை எடுக்காத ஒன்றைத் தன் கையாலேயே எடுத்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"வீட்டுக்குப் போய் என்ன சொல்லுவீங்க?"

"நான்தான் புகுந்து கெடுத்தேன்னு சொல்லணும்." தாளைப் பார்த்தபடி, "நம்புவாளான்னு தெரியல" என்றார்.

டீச்சர் மேசையிலிருந்த நாலு உறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பீரோவில் வைத்தார். ஆள் குறைந்தால் வாசிக்கும் உறையைக் கடைசியாக எடுத்தார். அதன் மேல் துரைசிங்கின் கை மறுபடியும் போயிருந்தது. டீச்சர் காத்திருந்தார். கை விலகியது.

பிறகு துரைசிங்கின் தாளை இழுத்து, ஒட்டியிருந்த துண்டை நகத்தால் நெம்பி உரித்தார். பசை நல்ல பசை. மேல்தாளும் கொஞ்சம் கிழிந்து வந்தது. அடியில் இரண்டாம் வயலினுக்கு அச்சிட்டிருந்தது தெரிந்தது. ஒரு தடித்த படுக்கைக் கோடு, அதன் மேல் எட்டு என்ற எண். எட்டு பாருக்கு வாசிக்காமல் எண்ணிக்கொண்டிரு என்று அர்த்தம்.

"உங்க பார்ட்டு இது."

துரைசிங் அதை வாங்கிக்கொண்டார். பைக்குள் வைக்கவில்லை. வாசல்வரை போனவர் செருப்பை மாட்டாமல் திரும்பினார்.

"சனிக்கிழமை அவ மறக்கல. சரி. ஆனா ஒரு நாள் மறப்பா, டீச்சர்."

"மறப்பாங்க."

"அது இந்தப் பண்டிகையாக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம்."

டீச்சர் அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். இல்லை என்று யாராவது ஒருவர் சொல்லக் கூடாதா என்றிருந்தது அவருக்கு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு அவ நடுவுல நின்னுட்டா நான் என்ன செய்ய?"

"உங்க தாள்ல என்ன போட்டிருக்கு?"

அவர் பார்த்தார். "எட்டு பாரு சும்மா இருக்கணும்."

"எண்ணுங்க."

"எண்ணிட்டேன். எட்டும் முடிஞ்சுட்டு. கோயில் முழுக்கப் பாத்துக்கிட்டிருக்கு. அவ இன்னும் வரல. அப்ப?"

டீச்சர் ஞானதீபத்தின் தாளை மடித்து, அவர் கையிலிருந்த தாளுக்குள் செருகினார்.

"ஒம்பதையும் எண்ணுங்க, அண்ணாச்சி."