செங்கமலத்தின் கல்யாண மாடி

நெட்டூரணியில் புத்திக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் அதைச் செலவழிப்பதில்லை. அந்த ஊரின் மகா அறிவாளிகள் சடையாண்டி, ஒச்சப்பன், மொக்கையன் என்ற அண்ணன் தம்பிகள் மூவர். அவர்கள் தங்கை செங்கமலத்துக்கு வரன் அமைந்தது. "மாடியிலதான் தாலி கட்டுவோம். மாடி இல்லேன்னா சம்பந்தமும் இல்லை" என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லிவிட்டார். செங்கமலத்துக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டுக்குத்தான் மாடி இல்லை.

ஆசாரி வந்தார். முட்டுக்கட்டைகளை நட்டு, அவற்றின் மேல் உத்திரங்களை ஏற்றினார். அதற்குள் அவர் மகளுக்குப் பிரசவ வலி என்று சேதி வந்தது.

"மேலே நின்னு பலகையை அடிங்க. இண்டு இடுக்கு இருக்கக் கூடாது. அடிச்ச ஆணியைப் பிடுங்காதீங்க. உத்திரத்தை இன்னும் சுவத்துல பதிக்கலை. பலகை அடிச்சு முடியுற வரைக்கும் முட்டுக்கட்டையைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மூவரும் ஏணி வைத்து ஏறி அடித்தார்கள். கல்யாணத்தன்று காலையில் ஒரே ஒரு பலகைதான் பாக்கி. அந்த இடத்தில் ஏணி நின்றது.

"அண்ணே, ஏறி வர வழி விடுங்கண்ணே!" என்று கீழிருந்து கத்தினாள் செங்கமலம்.

"வழின்னு ஆசாரி ஏதாச்சும் சொன்னாராடா?" என்றான் சடையாண்டி.

"இண்டு இடுக்கே கூடாதுன்னாரு" என்றான் ஒச்சப்பன். "வழி அதைவிடப் பெருசுல்ல?"

ஏணியை மேலே இழுத்துக்கொண்டு கடைசிப் பலகையையும் அடித்தார்கள். சுத்தியல் சத்தத்தில் தங்கை அழுதது அவர்களுக்குக் கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

"மாடி பிரமாதம். எப்படி ஏறுறது?" என்றார் சம்பந்தி.

"ஏற முடியாதுங்க" என்று மேலிருந்து பணிவாகப் பதில் வந்தது.

"அப்ப கிளம்புங்கப்பா!" என்று வேட்டியை மடித்துக் கட்டினார் சம்பந்தி.

"ஒரு பலகையைப் பிடுங்கித் தொலைங்களேன்!" என்றாள் செங்கமலம்.

"அடிச்ச ஆணியையா?" மூவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மேலே ஆலோசனை நடந்தது.

"பலகை அடிச்சு முடிஞ்சுதா?" என்றான் மொக்கையன்.

"முடிஞ்சது."

"அப்ப முட்டுக்கட்டையைத் தொடலாம்ல?"

சடையாண்டிக்குத் தம்பியை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. "சம்பந்தி, அந்தக் கட்டைகளைக் கொஞ்சம் இழுத்து விடுங்க!" என்றான்.

சம்பந்தியும் லேசுப்பட்டவர் அல்ல. ஏன் என்றுகூடக் கேட்காமல் கட்டைகளில் கயிற்றைக் கட்டினார். செங்கமலம்தான் எல்லோரையும் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே நின்று சம்பந்தி கயிற்றை இழுத்தார்.

புழுதி அடங்கியது. மாடி முழுசாகத் தரையில் கிடந்தது. ஒரு ஆணிகூடக் கழலவில்லை. அதன் மேல் மூன்று அண்ணன்களும் சுத்தியலும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். செங்கமலம் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பலகை மேல் ஏறி நின்றாள். முகூர்த்தம் தவறாமல் மாடியிலேயே தாலி ஏறியது.

சம்பந்திக்கு மனசே ஆறவில்லை. "ஏற ஏணி வேணாம், விழுந்துருவோம்னு பயம் வேணாம். எங்க வீட்டுலயும் ஒரு மாடி இருக்கு, தண்டத்துக்கு, அவ்வளவு உசரத்துல! அடுத்த வாரம் மூணு பேரும் வந்து அதையும் இறக்கிக் குடுத்துருங்க."