மூன்று பேருக்கு ஒரு கண்ணாடி

இந்தச் சங்கதியை எனக்குச் சொன்னவர் தளவாய். இதில் வரும் மாப்பிள்ளையும் அவர்தான். பொய் சொல்கிற ஆளில்லை. இருந்தும் பல வருடங்களாக இதை என்னால் முழுசாக நம்ப முடிந்ததில்லை.

ஆவுடையப்பனுக்கு இரண்டு தம்பிகள், நம்பிராசன், சுடலைமணி. தங்கை செண்பகத்தின் மகள் உலகம்மாளுக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். மூத்த தாய்மாமன்தான் சபையில் நிச்சய ஓலையைப் படித்து, மாப்பிள்ளையின் அப்பாவோடு தாம்பூலத் தட்டு மாற்ற வேண்டும். அதற்கு முந்தின வருடம் வந்த சம்பந்தத்தில் எழுத்து மங்கலாகத் தெரிந்து, மாப்பிள்ளை பெயருக்குப் பதில் அவருடைய அப்பா பெயரைப் படித்துவிட்டார் ஆவுடையப்பன். வந்தவர்கள் சாப்பிடாமலே வண்டியேறினார்கள்.

"இந்தத் தடவையும் இப்படி ஆச்சுன்னா எம் பிள்ளை வீட்டோடதான்" என்று செண்பகம் அழுதாள். அந்த அழுகை ஆவுடையப்பன் காதை விட்டுப் போகவில்லை.

நம்பிராசன் போனில் ஒரு கண்ணாடிக் கடையைக் கண்டுபிடித்தான். ஒரே லென்ஸில் மேலே தூரம், நடுவில் இடைத்தூரம், கீழே கிட்டம் என்று போட்டிருந்தது. ஆவுடையப்பனுக்குக் கிட்டத்தில் தெரியாது. நம்பிராசனுக்கு இடைத்தூரம் தகராறு. சுடலைமணிக்குத் தூரம்.

"நம்ம வீட்டைப் பத்தி எவனோ அவங்ககிட்ட சொல்லியிருக்கான்லே" என்றார் ஆவுடையப்பன்.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்று போதும் என்று முடிவாயிற்று. கடைக்காரர்கள் டாக்டர் சீட்டு கேட்டார்கள். மூவர் சீட்டிலிருந்தும் ஆளுக்கொரு வரி எடுத்து அனுப்பினார்கள்.

அடுத்து அளவு. 'இருபதடி தள்ளியுள்ள பொருளைப் பார்க்கவும். கருவிழிகளின் இடைவெளியை இன்னொருவர் ஸ்கேலால் அளக்கவும்.' வீட்டுக்குள் அவ்வளவு இடமில்லை. வாசலுக்கு வந்தால் சரியாக இருபதடியில் ஓர் எருமை நின்றது. ஆவுடையப்பன் அதைப் பார்த்தார். நம்பிராசன் ஸ்கேலை வைத்தான். எருமை நடந்தது.

"அண்ணே, இருபத்திரண்டடி ஆயிட்டு!" என்று சுடலைமணி கத்தினான்.

மூவரும் நடந்தார்கள். அண்ணன் மூக்கில் ஸ்கேலை அழுத்தியபடி நம்பிராசன் பின்பக்கமாகவே நடந்தான். எருமை குளத்தில் இறங்கியது. இவர்களும் இறங்கினார்கள். "அறுபத்து மூணு மில்லிமீட்டர்" என்று நம்பிராசன் கழுத்தளவு தண்ணீரிலிருந்து அறிவித்தான்.

"அது நனைஞ்ச அளவுல்லா? காஞ்சா சுருங்காதா?" என்றான் சுடலைமணி.

ஆவுடையப்பன் வெகுநேரம் யோசித்தார். "கண்ணு எப்பவும் ஈரந்தானேலே."

நிச்சயத்துக்கு மூன்று நாள் முன்பு கண்ணாடி வந்தது. கூடவே ஒரு தாள். 'பழகும்வரை இரண்டு வாரம் கழற்றாமல் அணியவும்.' படிக்க வேண்டியவர் என்பதால் ஆவுடையப்பன் மாட்டிக்கொண்டார். தெருவைப் பார்த்தார்.

"அண்ணே, மேல் பக்கம் எம் பங்கு" என்றான் சுடலைமணி, தரையைப் பார்த்தபடி.

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. தம்பி பங்கைத் தின்றார் என்று அவரை ஒருத்தரும் சொன்னதில்லை. அன்றிலிருந்து கைக்கெட்டாத எதன் எதிரிலும் கண்ணை மூடிக்கொண்டார். சுடலைமணி முன்னால் போய், "படிக்கட்டு அண்ணே, ஆடு அண்ணே" என்று வழிகாட்டினான்.

நிச்சயத்தன்று ஓலையைப் பிசகில்லாமல் படித்தார். 'தளவாய்' என்ற பெயர் கணீரென்று விழுந்தது. செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா தட்டோடு நாலடி தள்ளி நின்றார். நாலடி என்பது நம்பிராசன் பங்கு. ஆவுடையப்பன் கண்ணை மூடி, தன் தட்டை நீட்டினார். அது வழிகாட்ட நின்ற சுடலைமணியின் கையில் இடித்தது. அண்ணன் கொடுத்து அவன் எதையும் மறுத்ததில்லை. வாங்கிக்கொண்டான். வாங்கினால் பதில் தட்டு கொடுக்க வேண்டுமே? மாப்பிள்ளையின் அப்பா கையிலிருந்ததை எடுத்து அண்ணனிடம் கொடுத்தான். ஆவுடையப்பன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சம்பந்தி!" என்று தம்பியைக் கட்டிக்கொண்டார். பெண்கள் குலவையிட்டார்கள்.

"அப்போ நாங்க எதுக்குங்க வந்தோம்?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

குரல் நாலடிக்கு அப்பாலிருந்து வந்ததால் ஆவுடையப்பன் கண்ணைத் திறக்கவில்லை. "சாட்சிக்கு" என்றார்.

ஓலையின் அடியில் சாட்சிகளுக்கு இடம் இருந்தது உண்மைதான். அதற்குப் பிறகுதான் சாப்பாடு என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள்.

போன மாதம், உலகம்மாள் கொண்டுவந்து வைத்த காபியைக் குடித்துக்கொண்டே தளவாய் இதை மறுபடி சொன்னார். இந்தத் தடவை என்னால் பொறுக்க முடியவில்லை. கேட்டேவிட்டேன்.

"அதெல்லாம் சரி தளவாய், உங்க நிச்சயத்துக்கு நீங்க எத்தனாவது சாட்சி?"