கூடு இருக்கும் இடம்

உடும்பு சொன்னதைத் தாழைக்கோழி பல வருஷமாக நம்பவில்லை. முட்டை திருடியவன் பேச்சை எப்படி நம்புவது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. ஆனாலும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

நடந்தது இதுதான். ஏரியின் நடுவில் ஒரு பாறை இருந்தது. அதன்மேல் நின்று மெல்லப் பேசினாலும் நாலு கரைக்கும் கேட்கும். விடிந்ததும் பறவைகளும் தவளைகளும் அங்கே வந்து தங்கள் சேதிகளைக் கூவும். கரைகளிலிருந்து "பலே", "அப்படியா" என்று குரல்கள் வரும். அந்தக் குரல்கள் வராத நாள் தாழைக்கோழிக்கு நாளாகவே தோன்றாது.

ஒரு வருஷம் மழைக்குப் பிறகு அது முதன்முதலாக முட்டையிட்டது. பாறைக்கு ஓடிப்போய்க் கூவியது. ஏரியே ஆரவாரித்தது.

"கூடு எங்கேக்கா கட்டியிருக்கே?" என்று கேட்டது ஒரு தவளை.

"அதை மட்டும் கேட்காதே. நான் என்ன அவ்வளவு வெகுளியா?"

"ரொம்பத்தான். சொன்னா நாங்கல்லாம் வந்து அடைகாக்கப் போறோமாக்கும்" என்றது கொக்கு. எல்லோரும் சிரித்தார்கள்.

இடத்தைத் தாழைக்கோழி கடைசிவரை சொல்லவில்லை. அதில் அதற்கு ஒரு பெருமை. ஆனால் மற்றதையெல்லாம் சொன்னது. காலை வெயில் முதலில் விழுவது தன் கூட்டில்தான் என்றது. மதகில் தண்ணீர் விழும் சத்தத்தில் தூக்கம் போகிறது என்று குறைபட்டுக்கொண்டது. தாழம்பூ வாசனையில் தலை கிறுகிறுக்கிறது என்றது.

"உச்சி வெயில்ல நானும் என் ஜோடியும் அக்கரைக்கு மேயப் போயிடுவோம். முட்டைக்கு அந்தச் சூடே போதும்" என்றும் ஒருநாள் சொல்லிச் சிரித்தது.

கரையில் ஓர் உடும்பு படுத்திருந்தது. அது ஒருநாளும் "பலே" என்றதில்லை. எதையும் கேட்டதுமில்லை.

ஒரு நண்பகலில் தாழைக்கோழி திரும்பியபோது கூட்டில் ஓடுகள்தான் கிடந்தன. உடும்பு நாக்கால் வாயைத் துடைத்தபடி தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாவி! உனக்கு யார் இடத்தைக் காட்டினது? அந்தத் தவளையா?"

"நீதாம்மா."

"நான் யார்கிட்டயும் சொல்லலையே."

"காலை வெயில் முதல்ல விழறது மேற்குக் கரையில. மதகுச் சத்தம் கேட்கறது அதுல ஒரு மூலையிலதான். அந்த மூலையில தாழை இருக்கறது ஒரே இடம். எப்ப வரணும்னும் நீயே சொல்லிட்டே. நான் தேடவே இல்லை" என்று சொல்லிவிட்டு உடும்பு நீந்திப் போனது.

தாழைக்கோழியால் அதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் பாறையில் ஏறி, தவளைதான் காட்டிக்கொடுத்தது என்று கூவியது. தவளை எவ்வளவோ சத்தியம் செய்தது. யாரும் கேட்கவில்லை. அது பேச்சை நிறுத்திக்கொண்டு வேறு குளத்துக்குப் போய்விட்டது.

பிறகு தாழைக்கோழி எத்தனையோ குஞ்சு பொரித்தது. பாறைப் பக்கம் மட்டும் போகவில்லை. பழி தவளையுடையது என்று நினைத்தால்தான் அதற்குத் தூக்கம் வந்தது. வர வர அப்படி நினைத்தும் தூக்கம் வரவில்லை.

உடும்புக்கும் வயதாகிப் பார்வை மங்கிவிட்டது. ஒருநாள் தாழைக்கோழி அதன் எதிரில் போய், எட்ட நின்றது.

"இப்பவாவது பொய் சொல்லாதே. அந்த மதகுச் சத்தத்தை மட்டுமாவது நான் சொல்லாம இருந்திருந்தா, என் பிள்ளைங்க பிழைச்சிருக்குமா?" என்று கேட்டது.

பாறையில் கூவினாலும் சரி, கைபேசியில் பதிவிட்டாலும் சரி, சொந்த விஷயத்தைத் துணுக்குத் துணுக்காகப் பொதுவில் சொல்வது முழுவதையும் சொல்வதுதான்.